ஆதரவு விலையும் உன் கட்டிலில் ஏறிய மூட்டைகளும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அண்ணன், கொட்டகையில் இருபத்தெட்டு ஆடுகள், எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, எங்களைப் போலவே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். எங்களைப் போலவே என்பதை உடம்பு விஷயத்தில் மட்டும் எடுத்துக்கொள். மற்றபடி இந்த இரண்டு மாதமாக நாங்கள் இருந்த இருப்பு யாருக்கும் வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அப்பா ஏன் போனை நேராக என்னிடம் கொடுக்காமல் அண்ணனிடம் கொடுக்கிறார், அண்ணன் ஏன் ஒரு தடவை இருமிவிட்டு என்னிடம் கொடுக்கிறான், அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே, முந்தாநாள் எல்லாம் ஒரு வழியாக முடிந்துவிட்டது. இரண்டாவது, உன் அறையைப் பற்றி இப்போதைக்கு எதுவும் கேட்காதே.

நம் பக்கத்தில் கம்பளிக்கு விலை வைக்கிற அழகு உனக்குத் தெரியும். ஆட்டுக்கு முடி கத்தரித்து முடித்ததும் சந்தை மைதானத்தில் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மொத்த வியாபாரி வருவார், ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், அந்தச் சுளிப்புக்கே கிலோவுக்குப் பத்து குறைந்துவிடும். போன வருஷம் நைலான் நூல் மலிந்துபோனதில் அவர் சுளித்த சுளிப்பில் விலை அறுபதுக்கு வந்து நின்றது. அப்பா அன்றைக்கு மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டுவிட்டு, இனி எவன் முகத்தையும் பார்த்து நான் கம்பளி விற்க மாட்டேன் என்று ஆடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆடு வளர்ப்போர் சங்கத் தேர்தல் வந்தது. இருபத்தாறு பேர் உள்ள சங்கம், கிடங்கும் கூட்டம் போடுகிற கட்டடமும் சொந்தமாக உண்டு, கட்டடத்தின் கூரை ஒழுகும். அப்பா ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்துத் தலைவரானார். ஆதரவு விலை. ஒரு விலையைச் சங்கம் நிர்ணயிக்கும், அதற்குக் கீழே யாரும் விற்க வேண்டாம், விற்காமல் மிஞ்சினால் அதே விலைக்குச் சங்கமே வாங்கிக்கொள்ளும், விலை குறையவே குறையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, பாப்பா. நான்கூட ஒரு நிமிஷம் கைதட்டினேன். அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது, நான் என் பின்னல் கூடத்துக்குக் கம்பளி வாங்குகிற கட்சி என்று.

விலை நிர்ணயித்த கூட்டத்துக்கு நான் போனது தற்செயல்தான், அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார், கொண்டுபோய்க் கொடுத்தேன். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தன் கம்பளிக்கு நியாயமான விலை எவ்வளவு என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும், அதன் சராசரிதான் விலை என்று அப்பா அறிவித்தார். பெற்றவளிடமே பிள்ளைக்கு மார்க் போடச் சொன்ன கதைதான். சராசரி நூற்று இரண்டு வந்தது. உடனே சலூன்காரர் எழுந்தார். அவருக்கு மூன்றே ஆடுதான், ஆனால் சங்கத்தில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. "நாற்பது வருஷமா முடியோட பழகுறவன் நான், நூத்தஞ்சுக்குக் குறைஞ்சா அது ஆட்டுக்கு அவமானம்" என்றார். ஆட்டுக்கு அவமானம் வரக்கூடாது என்று நூற்றைந்து ஆக்கினார்கள். நூற்றைந்து சொல்ல நீளமாக இருக்கிறது என்று அப்பா நூற்றுப் பத்து ஆக்கினார். அப்போது பொருளாளர், அதாவது உனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துப் பாதியில் கைவிட்ட அதே கணக்கு வாத்தியார், மெதுவாகக் கையைத் தூக்கி, "இந்த விலைக்கு யாருமே வாங்கலேன்னா என்ன செய்யறது?" என்று கேட்டார். நாமே வாங்குவோம் என்றார் அப்பா. எந்தப் பணத்தில் என்றார் வாத்தியார். கூரை நிதியில், விற்றதும் திரும்ப வந்துவிடும் என்றார் அப்பா. யாருக்கு விற்று என்று வாத்தியார் கேட்பதற்குள் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்கு எழுந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மொத்த வியாபாரி வந்தார். அறிவிப்புப் பலகையில் இருந்ததைப் படித்தார், முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை, போய்விட்டார். அப்பா, பார்த்தாயா பயந்துவிட்டான் என்றார். அவர் பயந்து எங்கும் போகவில்லை, விடியற்காலையில் வீடு வீடாகப் பின்கட்டு வழியாகப் போய் ஆட்டின் முதுகில் உள்ள நயமான முடியை மட்டும் நூற்று முப்பது கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மிச்சம் எங்கே போகும்? சங்கத்துக்கு. நயமானதோ மட்டமானதோ சங்கத்தில் ஒரே விலைதானே. ஆக, ஆட்டின் முதுகு வியாபாரிக்கு, வயிறும் காலும் வாலும் சங்கத்துக்கு என்று ஆகிவிட்டது. வாலில் என்ன ஒட்டியிருக்கும் என்று ஆட்டுக்காரர் மகள் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் கிலோ நூற்றுப் பத்து. மழையில் நனைந்து வந்த மூட்டை, முள் மூட்டை, அடியில் கல் கிடந்த மூட்டை என்று எல்லாம் வந்தது. ஒரு மூட்டையில் ஒரு கால் செருப்பு இருந்தது, இன்று வரைக்கும் யாரும் உரிமை கோரவில்லை.

சலூன்காரர் மூட்டைக் கதை தனி. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை, தங்கமான மனிதர். மழை வந்ததால் தன் மூன்று ஆடுகளையும் சலூனுக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக நாற்காலிக்கு முன்னால் நிறுத்திக் கத்தரித்திருக்கிறார். சாயங்காலம் தரையைக் கூட்டி, கூட்டியதையெல்லாம் ஒரே மூட்டையில் அள்ளிவிட்டார். அன்றைக்குக் காலையில் அந்தத் தரையில் இன்னும் யார் யார் முடி கிடந்தது என்று அவர் யோசிக்கவில்லை. கிடங்கில் எடை போடும்போது கணக்கு வாத்தியார் மூட்டைக்குள் கைவிட்டு, நேராக, நீளமாக, பளபளவென்று ஒரு வெள்ளைக் கற்றையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஆட்டு முடி இல்லீங்க தலைவரே, என் முடி" என்றார். கிலோவுக்கு நூற்றுப் பத்து கொடுத்துப் பொருளாளரின் முடியைச் சங்கம் வாங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது அப்பா, விதி என்றால் விதி, எடை போட்டாயிற்று, சீட்டு எழுதியாயிற்று என்று சொல்லிவிட்டார். அந்த முடியும் கிடங்குக்குப் போயிற்று.

கிடங்கு மூன்று வாரத்தில் நிரம்பிவிட்டது, பாப்பா. நாற்பத்து மூன்று மூட்டையில் கிடங்கில் இருபதுதான் அடங்கின. மிச்சம் இருபத்து மூன்றும் தலைவர் வீட்டுக்கு வந்தன. உன் அறையில் பதினான்கு, கூடத்தில் ஆறு, எங்கள் படுக்கையறையில் மூன்று. உன் கட்டில்மேல் இருப்பதுதான் நல்ல மூட்டைகள், அப்பா தேர்ந்தெடுத்து வைத்தார், மகள் கட்டில் ஆயிற்றே என்று. ஆட்டு வாடை நம் வீட்டுக்குப் புதிது இல்லை, ஆனால் அலமாரியைத் திறந்தால் புடவைக்குள்ளிருந்து ஆடு எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வாடை. பிறகு பூச்சி வந்தது. அண்ணன் ஓடிவந்து கம்பளிப்பூச்சி கம்பளியைத் தின்கிறது என்று கத்தினான். இத்தனை வருஷம் ஆட்டு வீட்டில் வளர்ந்தவன், கம்பளிப்பூச்சி கம்பளி மாதிரி இருக்குமே தவிரக் கம்பளியைத் தின்னாது, தின்பது அந்துப்பூச்சி என்பது தெரியவில்லை. வேப்பிலையும் கற்பூரமும் போட்டு வைத்தோம். பூச்சிகள் என் நீல ஸ்வெட்டருக்கு இடம் மாறின.

இதெல்லாம் நடக்கும்போது நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் சண்டை. என் பின்னல் கூடத்தில் பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள், இரண்டு நூற்கும் இயந்திரம், மூன்று தறி. வருஷாவருஷம் நடுத்தரக் கம்பளியை எண்பதுக்கு வாங்கி ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக் கடைக்குக் கொடுப்போம். நூற்றுப் பத்துக்கு வாங்கினால் ஸ்வெட்டர் விலையை ஏற்ற வேண்டும், ஏற்றினால் கடைக்காரர் நைலான் ஸ்வெட்டரைத் தொங்கவிடுவார். பெண்கள் எல்லோரும் கூடிப் பேசினோம், வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். கையில் வேலை நிற்கக்கூடாதே என்று நான் நைலான் நூல் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பையை அப்பா பார்த்தார். நான் வேறு யாரையோ வீட்டுக்கு அழைத்து வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. அன்றைக்குப் படுக்கையறை மூட்டை மூன்றையும் என் கட்டிலுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் மதில் மாதிரி அடுக்கினார். அதற்குப் பிறகு என்னோடு நேராகப் பேசவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, "கொள்முதல் தரப்பு சாப்பாடு போட்டாச்சான்னு கேளு" என்பார். நான் சமையலறையிலிருந்து, "விற்பனைத் தரப்பு கையைக் கழுவிட்டு வரட்டும்னு சொல்லு" என்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஏழு அடிதான் தூரம். உன் அண்ணன் நான்கு நாள் பொறுத்துப் பார்த்தான். ஐந்தாம் நாள், இது தரகு வேலை, தரகு இல்லாமல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தினமும் காலையில் என் பங்கிலிருந்து ஒரு முட்டை, அவர் பங்கிலிருந்து ஒரு முட்டை. அந்த மாதம் அவன் நன்றாகப் பூசினாற்போல் ஆகிவிட்டான், கல்யாணத்துக்குப் பார்க்க வந்தால் இப்போது வரலாம்.

சிரிக்காதே, வெளியே நிலைமை சிரிப்பாக இல்லை. கூரை நிதி தீர்ந்துபோனதும் சங்கம் பணத்துக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தது. பால்காரர் சீட்டை வாங்க மாட்டார் அல்லவா. சீட்டு வைத்திருந்தவர்கள் வாசலுக்கு வந்து அப்பாவைக் கேட்பார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, விலை ஏறப்போகுது, கொஞ்சம் பொறுங்க என்பார். அவர் பழைய செய்தித்தாளை எல்லாம் தேடிக் கம்பளி விலை பற்றி எங்காவது நாலு வரி இருக்கிறதா என்று பார்ப்பதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். சங்கம் உடைந்தால் எல்லோரும் மறுபடி அந்த வியாபாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டும். எனக்கும் வேலை நின்றால் பதினோரு வீட்டில் உலை தள்ளிப்போகும். இரண்டு பேருக்கும் இது தெரியும், இரண்டு பேரும் முட்டை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் தீயணைப்பு நிலைய அதிகாரி எங்கள் கூடத்துக்கு வந்தார். நல்ல உயரம், வாசலில் தலை இடித்துக்கொண்டார். தீப்பிடித்தவர்மேல் போர்த்தி அணைக்கிற போர்வை அறுபது வேண்டும் என்றார். நான் அவசரத்தில் கையில் இருந்த நைலான் துணியைக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு ஓரத்தில் குச்சியைக் காட்டினார். அது சுருண்டு உருகிச் சொட்டுச் சொட்டாக என் புது மேசைவிரிப்பில் விழுந்தது. கம்பளித் துண்டு ஒன்றுக்கும் குச்சியைக் காட்டினார், கருகி நாறிற்றே தவிர எரியவில்லை. "முரட்டுக் கம்பளி இருக்கா? நயம் வேண்டாம், தடியா, முரடா இருக்கணும், பார்க்க லட்சணமா இருக்கணும்னு இல்லே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரிலேயே லட்சணமில்லாத கம்பளி முழுவதும் என் மகள் கட்டிலில் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது. இருக்கிறது, மூன்று நாள் கொடுங்கள் என்றேன். அவர் போகும்போது மறுபடி தலை இடித்துக்கொண்டார்.

இப்போது யார் முதலில் பேசுவது? நான் அண்ணனைக் கூப்பிட்டு, முரட்டுக் கம்பளி கிலோ எழுபது வீதம் கொள்முதல் தரப்பு கேட்கிறது என்று சொல்லி அனுப்பினேன். பதில் நூற்றுப் பத்து என்று வந்தது. அறுபத்தெட்டு என்றேன், கோபத்தில். சமையலறையில் நான், கூடத்தில் அவர், நிலைப்படியில் தட்டோடு அவன். தரகன் புத்தி உன் அண்ணனுக்கு எங்கிருந்து வந்ததோ, என்னிடம் வந்து அப்பா தொண்ணூறுக்கு இறங்கிவிட்டார் என்பான், அவரிடம் போய் அம்மா தொண்ணூறுக்கு ஏறிவிட்டாள் என்பான். இரண்டு பேரும் சொல்லாத ஒரு விலைக்கு இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளப் போகிற கட்டத்தில், நான் அடுப்பிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தேன், அவரும் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் எப்பங்க தொண்ணூறு சொன்னேன்?" என்றேன். "நானும் சொல்லலியே" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டோம். ஐந்து வாரத்தில் நாங்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான். அவன் தட்டோடு மாட்டுச் சந்தைப் பக்கம் போய்விட்டான். நாங்கள் எதிரெதிரே நின்றோம். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஏன் எழுபதுன்னு சொல்றே?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் அவரை உன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மூட்டையைப் பிரித்துக் கட்டில் விரிப்பின்மேல் கொட்டினேன், உன் பழைய பூப்போட்ட விரிப்பு, மன்னித்துக்கொள், அது இனிமேல் விரிப்பு இல்லை. என் கை பழக்கத்தில் தானாகவே பிரித்தது. இது மெல்லிசு, சுருள் இருக்கிறது, இது ஸ்வெட்டருக்கு. இது நடுத்தரம், குல்லாவுக்கு. இது முரடு, போர்வைக்கு. இது ஒன்றுக்கும் ஆகாது. பிறகு ஒரு கூடை முரட்டுக் கம்பளியை எடை போட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, மாடியில் உலர்த்தி, மத்தியானத்துக்கு மேல் மறுபடி எடை போட்டுக் காட்டினேன். பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது, அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீரோடு போயிற்று. "அப்ப நூத்திப்பத்துக்கு வாங்கினா எனக்குக் கிலோ இருநூறுக்கு மேலே விழும். போர்வைக்கு அவங்க கொடுக்கிறதிலே அது அடங்காது" என்றேன். அப்பா அந்த ஆகாத குவியலிலிருந்து வால் முடிக் கட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதுக்கா நான் நூத்திப்பத்து கொடுத்தேன்?" என்றார். அவர் வாழ்நாள் முழுக்க ஆட்டைப் பார்த்திருக்கிறார், பாப்பா, பிறந்த குட்டியைக் கையில் வாங்கி மூச்சு ஊதியிருக்கிறார், எந்த ஆடு எந்தச் செடியைத் தின்னும் என்று சொல்வார். கத்தரித்து மூட்டை கட்டியதும் அவர் பங்கு முடிந்துவிடும், அதற்கு மேல் கம்பளி என்னவாகிறது என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை. நான்கூடக் காட்டவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு. நீ ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டார். தலைவர் கொள்முதல் தரப்பிடம் கேட்கவில்லையே என்றேன். அவர் கட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் படுக்கையறை மூட்டை மூன்றையும் எடுத்துத் தாழ்வாரத்தில் வைத்தார்.

முந்தாநாள் பொதுக்குழு. அன்றைக்கென்று பார்த்து மழை. கூரை நிதியில் கம்பளி வாங்கியதால் கூரை அப்படியே இருந்தது, உள்ளே பதினேழு இடத்தில் ஒழுகியது, எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாவும் கணக்கு வாத்தியாரும் மேடையில் ஒரே குடைக்குள். புதுத் தீர்மானத்தை வாத்தியார் படித்தார், கம்பளியை மூன்று ரகமாகப் பிரிப்பது, ரகத்துக்கு ஒரு விலை, விலையை ஒவ்வொரு பருவமும் விற்ற நிலவரத்தைப் பார்த்துத் திருத்துவது, நனைந்ததை உலர்த்திய பிறகே எடை போடுவது, சங்கம் வாங்குவதற்கு ஒரு அளவு வைப்பது. முரட்டு ரகம் எழுபது. சலசலப்பு கிளம்பியது. சலூன்காரர் எழுந்து, "தலைவரே, விலை குறையவே குறையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். இதற்கு அப்பா ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார், எனக்குத் தெரியும், காலையில் கொட்டகையில் ஆடுகளிடம் நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். விலை குறையவில்லை, பிரிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். எழுந்தார், தொண்டையைக் கனைத்தார், அந்தப் பதிலைச் சொல்லவில்லை. "குறைஞ்சிருக்கு. நான் தப்பா வச்சுட்டேன். என் வீட்டுல இருக்கறவளே வாங்காத விலையை உலகமே வாங்கும்னு நெனச்சேன்" என்றார். அவர் குடைக்கு வெளியே ஒரு அடி வந்து நின்றிருந்தார், தலையில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. எனக்கு எழுந்து போய்த் துடைக்க வேண்டும் போல இருந்தது. சலூன்காரர், சரிங்க தலைவரே, அப்ப என் மூட்டை எந்த ரகம் என்று கேட்டார். வாத்தியார் தலை நிமிராமல், "அது மனுஷ ரகம், அதுக்கு இன்னும் விலை வைக்கலே" என்றார். அவ்வளவுதான், மழைச் சத்தத்தை மீறி எல்லோரும் சிரித்தார்கள், சலூன்காரர்தான் அதிகம் சிரித்தார்.

ஓட்டெடுப்பில் ஒரு சிக்கல். ஒரு கையில் குடை, மறு கையில் சீட்டு, எப்படிக் கையைத் தூக்குவது? ஆதரிப்பவர்கள் குடையைத் தூக்குங்கள் என்றார் வாத்தியார். பதினெட்டுக் குடை உயர்ந்தது, பதினெட்டுப் பேரும் நனைந்தார்கள். மேடையில் இருப்பது ஒரு குடையா இரண்டு ஓட்டா என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது. தீர்மானம் நிறைவேறியது. அப்பாவே தலைவராக இருக்கட்டும் என்றார்கள், ஒன்று ஒத்துக்கொண்டால். விலைக் குழுவில் வாங்குகிற பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும், ரகம் பிரிப்பதும் அவர்தான். அப்பா தீர்மானப் புத்தகத்தில் என் பெயரைத் தன் கையால் எழுதினார், எழுத்துப் பிழையோடு. போர்வைக்குப் பதினைந்து மூட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், அந்தப் பணத்தில் சீட்டுக்காரர்களுக்குப் பாதி கொடுத்துவிடலாம், மீதி அடுத்த பருவத்தில். நடுத்தரம் ஏழெட்டு மூட்டை தேறும், அதுவும் எனக்குத்தான். ஒன்றுக்கும் ஆகாததை நாற்றுப் பண்ணைக்காரர் தொட்டிச் செடிக்கு அடியில் போட ஈரம் காக்கும் என்று எடுத்துக்கொண்டார். கூரை இந்த வருஷம் இல்லை. நஷ்டம் நஷ்டம்தான், அதை அப்பா மறைக்கவில்லை.

கூட்டம் முடிந்து இரண்டு பேரும் நடந்து வந்தோம். தையல் கடை தாண்டியதும் அப்பா கேட்டார், "நெசமாச் சொல்லு, எழுபது உனக்குக் கட்டுபடியாகுமா? பொண்ணுங்க கூலி எல்லாம் போக?" நான் எழுபத்தைந்து வரைக்கும் கட்டுபடியாகும் என்றேன். நடுத்தெருவில் நின்றுவிட்டார். கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்றார். விற்கிறவரிடம் வாங்குகிறவள் அதைச் சொல்வாளா என்றேன். பத்தடி நடந்தார். பிறகு, அடுத்த பருவத்துக்கு எழுபத்தைந்து என்றார். பார்க்கலாம் என்றேன். வீடு வரைக்கும் எழுபத்து மூன்றா எழுபத்து நான்கா என்று பேசிக்கொண்டே வந்தோம், தரகர் இல்லாமல். சந்தோஷமாக இருந்தது, பாப்பா. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நீ அங்கே அலுவலகத்தில் நேரங்கெட்ட நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அப்படிச் செய்யாதே. குளிரில் காதை மூடிக்கொள். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வந்தால் ஒருநாளைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் ஆள் வைத்துப் பேசாதீர்கள், அது வயிற்றுக்கும் கேடு, கோழிக்கும் கேடு. சம்பளத்தில் கொஞ்சமாவது எடுத்து வை. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா என்று போன கடிதத்தில் கேட்டதற்குப் பதிலே இல்லை.

மகராசியாக, மாப்பிள்ளையோடு நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். மறக்காமல் உன் கால் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்பு, காலுறை பின்ன வேண்டும், போன தடவை உத்தேசமாகப் பின்னியது மாப்பிள்ளைக்குக் குல்லாவாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அப்பாவும் உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைக்கிறார். அதில் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு நடுவில் நீயே ஒரு விலை வைத்துக்கொள்.

என்றும் உன் நினைவில்,
அம்மா
(விலைக் குழு உறுப்பினர்)